துப்பாக்கிச் சூட்டு வழக்கில் 'கும்பல்' கூடுதல் தண்டனை: கலிஃபோர்னியாவில் அரசுத் தரப்பு எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும்?

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவில் ஒரு துப்பாக்கிச் சூடு. காரில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் சுட்டார், தெருவில் நின்ற ஒருவருக்குக் காயம். மூவர் மீதும் கொலை முயற்சி வழக்கு. கூடவே, 'கும்பலுக்காகச் செய்த குற்றம்' என்று சொல்லிக் கூடுதல் தண்டனையும் கேட்கிறது அரசுத் தரப்பு. கையில் பச்சை குத்தியிருப்பதும், இன்ஸ்டாகிராமில் கைச்சைகை காட்டும் படமும், 'இவன் அந்தக் கும்பல்காரன்' என்று ஒரு போலீஸ் அதிகாரி சொல்வதும் அதற்குப் போதுமா?

போதாது. ஒருவர் கும்பலைச் சேர்ந்தவர் என்று காட்டுவது வேறு, இந்தச் சூடு அந்தக் கும்பலுக்காக நடந்தது என்று காட்டுவது வேறு. சட்டம் தண்டனையைக் கூட்டுவது இரண்டாவதற்காக மட்டும்தான். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே குழம்பிவிடும். பல ஆண்டுகள் நீதிமன்றங்களிலேயே அது குழம்பிக் கிடந்தது, அதனால் பலர் தேவைக்கு மேல் நீண்ட காலம் சிறையில் இருந்தார்கள் என்பது என் கருத்து.

முதலில், எவ்வளவு தண்டனை கூடுகிறது என்று பார்ப்போம். 1988-ல் கொண்டுவந்த தெருக் கும்பல் தடுப்புச் சட்டம்தான் இன்று தண்டனைச் சட்டத்தின் 186.22-ஆம் பிரிவாக இருக்கிறது. சாதாரண பெருங்குற்றம் என்றால் 2, 3 அல்லது 4 ஆண்டுகள் கூடும். 'கடுமையான' குற்றப் பட்டியலில் இருந்தால் 5 ஆண்டுகள், 'வன்முறைக்' குற்றப் பட்டியலில் இருந்தால் 10 ஆண்டுகள். ஆள் வசிக்கும் வீட்டின் மீது சுடுவதற்கு வழக்கமாக 3, 5 அல்லது 7 ஆண்டுகள் சிறை. அதையே கும்பலுக்காகச் செய்ததாக நிரூபித்தால் குறைந்தது 15 ஆண்டுகளில் தொடங்கும் ஆயுள் தண்டனை.

உங்கள் கேள்வியில் இருக்கும் காரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய ஆபத்து 12022.53 என்ற துப்பாக்கிப் பிரிவில் இருக்கிறது. குறிப்பிட்ட சில பெருங்குற்றங்களில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பயன்படுத்தினால் 10 ஆண்டுகள், சுட்டால் 20, சுட்டதில் யாருக்காவது படுகாயமோ சாவோ நேர்ந்தால் 25 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை கூடுதலாகச் சேரும். பொதுவாக இது சுட்டவருக்கு மட்டும்தான். ஆனால் கும்பல் குற்றச்சாட்டும் சேர்ந்து நிரூபணமானால், சுடாமல் வண்டி ஓட்டியவர்கூடக் குற்றத்தில் பங்காளி என்ற முறையில் அதே 25 ஆண்டுகளைச் சுமக்க வேண்டியிருக்கும். கும்பல் குற்றச்சாட்டு நிற்காமல் போனால் ஓட்டுநர் மீதான துப்பாக்கிக் கூடுதலும் சேர்ந்தே போய்விடும். 2018 முதல் நீதி கருதித் துப்பாக்கிக் கூடுதலை நீக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆனால் அது அவர் விருப்பம், அதை நம்பி யாரும் வழக்கு நடத்தக் கூடாது.

சூடு கொலையில் முடிந்தால், கும்பலின் செயலில் பங்கெடுப்பவர் அந்தக் கும்பலின் செயல்களை வளர்ப்பதற்காக வேண்டுமென்றே கொன்றார் என்பது தனியொரு 'சிறப்புச் சூழ்நிலை'. 2000-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 21-ஆம் முன்மொழிவில் அது வந்தது. அதன் தண்டனை பரோலே இல்லாத ஆயுள் அல்லது மரண தண்டனை.

இவ்வளவு தண்டனை கூடுவதால்தான் நிரூபிக்கும் பாரமும் முழுமையானது. முந்தைய தண்டனை ஒன்றைத் தவிர, அதிகபட்சத் தண்டனையை உயர்த்தும் எந்த உண்மையையும் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) முன்னால், நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000-ல் அப்ரெண்டி வழக்கில் சொன்னது. அதுவும் ஒரு துப்பாக்கிச் சூட்டு வழக்குதான்: நியூ ஜெர்சியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டின் மீது சுட்ட வழக்கு. இன வெறுப்பு நோக்கம் இருந்ததா என்பதை நீதிபதியே முடிவுசெய்து தண்டனையைக் கூட்டியிருந்தார். அது செல்லாது என்றது தீர்ப்பு.

சரி, கலிஃபோர்னியாவில் ஜூரி முன்னால் வைக்க வேண்டியவை என்ன? யார் சுட்டார்கள், கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதெல்லாம் மூலக் குற்றத்தின் நிரூபணம். தோட்டா உறை, கேமரா பதிவு, செல்பேசி கோபுரத் தகவல், நேரில் கண்டவர்கள் என்று எந்தச் சூட்டு வழக்கிலும் வருவதுதான். இவற்றில் எதுவும் தன்னளவில் கும்பல் குற்றச்சாட்டை நிரூபிக்காது. அதற்குத் தனியாக மூன்று கேள்விகளுக்குச் சாட்சியம் வேண்டும்: சட்டம் சொல்லும் பொருளில் ஒரு கும்பல் இருக்கிறதா? அந்தக் கும்பல் தொடர் குற்றங்களில் ஈடுபட்டிருக்கிறதா? இந்தக் குறிப்பிட்ட சூடு அந்தக் கும்பலுக்காக, அதன் ஆட்களின் குற்றச் செயலுக்குத் துணைபோகும் நோக்கத்தோடு நடந்ததா?

முதல் கேள்வி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள், பொதுப் பெயர் அல்லது அடையாளம், சட்டப் பட்டியலில் உள்ள குற்றங்களைச் செய்வது அதன் முதன்மையான வேலைகளில் ஒன்றாக இருத்தல். எப்போதாவது ஒன்றிரண்டு உறுப்பினர்கள் ஏதோ செய்தார்கள் என்பது முதன்மையான வேலை ஆகாது என்பது 2001-லேயே வந்த தீர்ப்பு. 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த 333-ஆம் சட்டமன்ற மசோதா இதில் இன்னொரு சொல்லையும் சேர்த்தது: அந்தக் குழு 'ஒழுங்கமைந்த' ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே நிறத்தில் உடுத்தி, ஒரே பெயரைச் சொல்லிக்கொள்ளும் பையன்கள் என்பதோடு கதை முடியாது. பெரிய பெயரின் கீழ் பல சிறு குழுக்கள் இயங்கும்போது, ஒரு சிறு குழுவின் பழைய குற்றத்தைக் காட்டி வேறொரு சிறு குழுவின் ஆளுக்குத் தண்டனை கூட்டும் வழக்கமும் இருந்தது. அந்தக் குழுக்களுக்கு இடையே உண்மையான தொடர்பைக் காட்டியாக வேண்டும் என்று 2015-ல் புருண்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரண்டாவது கேள்வியில்தான் பல வழக்குகள் இன்று உடைகின்றன. கும்பலின் 'தொடர்' குற்றங்களுக்குக் குறைந்தது இரண்டு முன்குற்றங்களைக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் இப்போது விசாரிக்கும் சூட்டையே அவற்றில் ஒன்றாகக் கணக்கில் வைப்பார்கள். இப்போது அது முடியாது. கடைசி முன்குற்றம் இந்தச் சூடு நடந்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும், அதற்கும் முந்தைய குற்றத்துக்கும் இடைவெளி மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. 2023 ஜூனில் நடந்த சூட்டுக்கு 2018-லும் 2019-லும் நடந்த இரண்டு கொள்ளைகளைக் காட்டினால் அந்த இரண்டும் போதாது, கடைசிக் குற்றம் 2020 ஜூனுக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். தேதிகளைச் சரிபார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

தேதி சரியாக இருந்தாலும், அந்த முன்குற்றங்கள் கும்பலுக்குப் பொதுப் பயன் தந்திருக்க வேண்டும். அந்தப் பயன் வெறும் பெயர், புகழ், பயமுறுத்தும் மதிப்பு என்பதைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பணம், பழிவாங்கல், எதிர்க் கும்பலைத் தாக்குதல், சாட்சியை மிரட்டுதல் அல்லது வாயடைத்தல் ஆகியவற்றை உதாரணமாகவும் தருகிறது. கூப்பர் வழக்கைப் பாருங்கள். அங்கே முன்குற்றங்கள் ஒரு கொள்ளையும் ஒரு போதைப்பொருள் விற்பனையும். இரண்டிலுமே பணம் இருக்கிறது, அதனால் கும்பலுக்குப் பயன் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் கும்பலுக்குப் போனதா, செய்தவரின் சொந்தப் பைக்குப் போனதா என்பதற்குச் சாட்சியம் இல்லை. ஜூரி இரண்டில் எதையும் நம்பியிருக்கலாம் என்று சொல்லி, 2023-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கூடுதல் தண்டனையை நீக்கியது.

2024-ல் வந்த கிளார்க் வழக்கு இன்னொரு படியைச் சேர்த்தது. உறுப்பினர்கள் 'கூட்டாக' ஈடுபட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதற்கு ஒவ்வொரு முன்குற்றத்தையும் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்திருக்க வேண்டும் என்ற பொருள் இல்லை. ஆனால் அந்தக் குற்றங்களைக் கும்பல் என்ற அமைப்போடு இணைக்கும் சாட்சியம் வேண்டும். அந்தக் கும்பல் எப்படி இயங்குகிறது, இந்தக் குற்றம் அந்த இயக்கத்தில் எங்கே பொருந்துகிறது என்பதைக் காட்ட வேண்டும். தண்டனைத் தீர்ப்பின் சான்றளித்த நகலை மட்டும் நீட்டினால், அந்த ஆள் அந்தக் குற்றத்தைச் செய்தார் என்பது தெரியும். ஏன் செய்தார், யாருக்காகச் செய்தார், அவர் அந்தக் கும்பலா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்காது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் காரில் இருந்த மூவரின் கதி இதில்தான் இருக்கிறது. இதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. குற்றம் கும்பலின் பயனுக்காகவோ, கும்பலின் ஏவலிலோ, கும்பலோடு சேர்ந்தோ நடந்திருக்க வேண்டும். அப்புறம், கும்பல் உறுப்பினர்களின் குற்றச் செயலை வளர்க்கும் அல்லது அதற்கு உதவும் குறிப்பான நோக்கம் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக இருந்திருக்க வேண்டும். காரில் இருந்த ஒருவருக்கு அந்த நோக்கம் இருந்ததாலேயே பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கும் இருந்தது என்று ஆகாது. கும்பல் ஆட்கள் செய்யும் எல்லாக் குற்றமும் கும்பல் குற்றம் இல்லை என்பதை 2010-ல் ஆல்பிலார் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. ஒரே கும்பலைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு பெண் தொடர்பான சண்டையிலோ கடன் தகராறிலோ சுடலாம்.

ஆல்பிலார் தீர்ப்பில் அரசுத் தரப்புக்குச் சாதகமான பகுதியும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. ஒரே கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தே அவர்களோடு சேர்ந்து குற்றம் செய்தால், அதிலிருந்தே நோக்கத்தை ஜூரி ஊகிக்கலாம் என்றது அது. ஆகவே மூவருமே உறுப்பினர்கள் என்று உறுதியாக நிரூபணமாகிவிட்டால், எதிர்த்தரப்பின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பின், வாதம் கடினமாகிவிடும். மூவரில் ஒருவர் வெறும் பள்ளிக்கால நண்பர் என்றால் நிலைமை வேறு.

தனியாக ஒருவர் சுட்ட வழக்கில் பாரம் இன்னும் கூடும். 2022-ல் வந்த ரென்டீரியா வழக்கில் ஒரு கும்பல் உறுப்பினர் தனியாளாக இரண்டு வீடுகள் மீது சுட்டிருந்தார். 'வன்முறை செய்தால் கும்பலுக்குப் பெயர் வரும், அந்தப் பயத்தில் கும்பல் மற்ற குற்றங்களைச் சுலபமாகச் செய்யும்' என்பது நிபுணரின் வாதம். எல்லாக் கும்பல் வழக்கிலும் ஒலிக்கும் வாதம் இது. நீதிமன்றம் கேட்டது: இப்படிப் பொதுவாகச் சொன்னால் கும்பல்காரர் செய்யும் எந்த வன்முறையும் இதில் அடங்கிவிடுமே? குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இந்தச் சூட்டைத் தவிர, கும்பலின் மற்ற ஆட்கள் செய்யும் வேறு குற்றங்களுக்கு உதவும் நோக்கம் இருந்தது என்பதற்குச் சாட்சியம் எங்கே? அது இல்லாததால் கூடுதல் தண்டனை நிற்கவில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பு மிக முக்கியமானது, ஏனென்றால் 'மரியாதைக்காகச் சுட்டான்' என்ற ஒற்றை வரியில் பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கூட்டிய பழக்கத்தை அது நேருக்கு நேர் நிறுத்தியது.

அப்படியானால் எது வலுவான சாட்சியம்? சுடுவதற்குச் சில நாள்களுக்கு முன் எதிர்க் கும்பல் இவர்களில் ஒருவரைத் தாக்கியதற்கான பதிவு. 'திருப்பிக் கொடுக்கணும்' என்று ஆட்களுக்கிடையே போன குறுஞ்செய்திகள். யார் துப்பாக்கி கொண்டுவந்தது, யார் ஏவியது என்று சொல்லும் உள் ஆள். சுடும்போது எதிர்க் கும்பலின் பெயரைச் சொல்லிக் கேட்ட சாட்சி. சுட்ட பிறகு கும்பலுக்குள் பகிர்ந்த காணொளி. இப்படிப் பலவும் ஒன்றையொன்று தாங்கும்போது ஜூரி நம்பும், நம்புவதில் தவறும் இல்லை. பச்சை குத்தியதும் உடை நிறமும் கைச்சைகையும் உறுப்பினர் என்பதற்கு மட்டும் கொஞ்சம் உதவும், அன்றைய நோக்கத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. ராப் பாடல் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம் போல வாசித்துக் காட்டும் பழக்கத்துக்கு 2023 முதல் தனிக் கட்டுப்பாடு உண்டு. கலைப் படைப்பைச் சாட்சியமாக ஏற்குமுன், அது இன, சமூகத் தப்பெண்ணத்தைத் தூண்டுமா என்பதை நீதிபதி எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

போலீஸ் நிபுணர் சாட்சியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் இந்த வழக்குகள் நின்றதே அவர் தோளில்தான். 2016-ல் வந்த சான்செஸ் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை ஒருமுறைகூடச் சந்திக்காத ஒரு துப்பறிவாளர், மற்ற போலீஸ்காரர்கள் எழுதிய அறிக்கைகளையும் தெருவில் நிறுத்தி விசாரித்தபோது நிரப்பிய அட்டைகளையும் படித்துவிட்டு, அவற்றில் உள்ளதை உண்மை என்று ஜூரியிடம் சொன்னார். எழுதிய அதிகாரிகள் யாரும் கூண்டில் ஏறவில்லை, அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வழியும் இல்லை. இது செவிவழிச் சாட்சியம், செல்லாது என்றது நீதிமன்றம். கும்பல்களின் பொதுப் பழக்கவழக்கம், எல்லை, எதிரிகள், சின்னங்கள் ஆகியவற்றை நிபுணர் தன் அனுபவத்திலிருந்து சொல்லலாம். இந்த வழக்கின் குறிப்பான விவரங்களை நேரடியாக அறிந்தவர் வந்து சொல்ல வேண்டும், அல்லது முறையாக ஏற்கத்தக்க ஆவணம் வேண்டும். 2021-ல் வலென்சியா வழக்கு, முன்குற்றங்களின் விவரங்களுக்கும் இதே விதிதான் என்று உறுதிசெய்தது.

இன்றும் நிபுணரிடம் கற்பனைக் கேள்வி கேட்பார்கள்: 'ஒரு கும்பலின் மூன்று பேர் எதிர்க் கும்பல் பகுதிக்குப் போய்ச் சுட்டால் அது கும்பலுக்காகவா?' இப்படிக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கேள்வியில் வரும் ஒவ்வொரு விவரமும் ஏற்கெனவே சாட்சியத்தில் வந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 'மூன்று உறுப்பினர்கள்' என்று கேள்வியில் சொல்லிவிட்டு, மூன்றாமவர் உறுப்பினர் என்பதற்குச் சாட்சியமே வராமல் போன வழக்கில், அந்த நிபுணர் பதிலுக்கு அடித்தளமே இல்லை.

கும்பல் ஆட்கள் என்று போலீஸ் பதிவுசெய்யும் 'கால்கேங்' என்ற மாநிலத் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதே என்று சிலர் பயப்படுவார்கள். 2016-ல் மாநிலத் தணிக்கையாளர் அதை ஆராய்ந்தபோது, பதிவான நாளில் ஒரு வயதுகூட ஆகாதவர்கள் என்று காட்டும் 42 பதிவுகள் இருந்தன. அவற்றில் 28 பேர் 'தாங்களே ஒப்புக்கொண்டதாக' எழுதப்பட்டிருந்தது. 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அதிகாரிகள் சிலர் மீது பொய்ப் பதிவுக் குற்றச்சாட்டு வந்தது, அந்தத் துறை சேர்த்த பதிவுகளை மற்ற அமைப்புகள் பயன்படுத்த முடியாதபடி மாநிலத் தலைமை வழக்கறிஞர் தடுத்தார். கைக்குழந்தைகள் கும்பலில் இருப்பதாக ஒப்புக்கொண்ட பட்டியலின் பேரில் யாருடைய வாழ்நாளையும் தீர்மானிக்கக் கூடாது. அதிலும் லாஸ் ஏஞ்சலஸில் இந்தக் கூடுதல் தண்டனையோடு சிறைக்குப் போனவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள் என்று 333-ஆம் மசோதாவின் முன்னுரையிலேயே சட்டமன்றம் பதிவுசெய்திருக்கிறது.

சிறையில் சேர்க்கும்போது 'நீ எந்தக் கும்பல்?' என்று கேட்பார்கள். எதிரிகளோடு ஒரே அறையில் அடைக்காமல் இருப்பதற்காகக் கேட்கும் கேள்வி அது. அந்தப் பதிலை, மௌனம் காக்கும் உரிமையை முதலில் எடுத்துச் சொல்லாமல் வாங்கியிருந்தால், அரசுத் தரப்பு தன் வழக்கை நிறுவ அதைப் பயன்படுத்த முடியாது என்று 2015-ல் எலிசால்டே தீர்ப்பு சொன்னது. ஆனால் சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் தொலைபேசி அழைப்புகள் பதிவாகின்றன, அவை தாராளமாக நீதிமன்றத்துக்கு வரும். குடும்பத்தார் தயவுசெய்து அந்த அழைப்புகளில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். 'யாரோடு போனாய், யார் சொன்னது' என்று அம்மா பதறிக் கேட்கும் கேள்விக்கு வரும் பதில், அரசுத் தரப்புக்குக் கிடைக்காமல் இருந்த நோக்கச் சாட்சியமாக மாறிவிடக்கூடும்.

விசாரணை தொடங்குமுன் வழக்கறிஞரிடம் கட்டாயம் பேச வேண்டியது தண்டனைச் சட்டத்தின் 1109-ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு கேட்டால், சுட்ட குற்றத்தை ஜூரி முதலில் தீர்மானிக்க வேண்டும், அதில் குற்றவாளி என்று முடிவானால் மட்டுமே கும்பல் கூடுதலை இரண்டாம் கட்டமாக விசாரிக்க வேண்டும். கேட்காவிட்டால் தானாகக் கிடைக்காது. இப்படிப் பிரித்தாலும் முதல் கட்டத்தில் கும்பல் பேச்சே வராது என்று நினைக்க வேண்டாம். சுட்டதற்கான காரணத்தையோ ஆளை அடையாளம் காண்பதையோ விளக்கத் தேவைப்பட்டால் நீதிபதி ஓரளவு அனுமதிக்கலாம். ஆனால் சம்பந்தமில்லாத மற்றவர்களின் பழைய கொள்ளைகளும் கொலைகளும் ஜூரியின் காதில் முதலிலேயே விழாமல் இது பெரும்பாலும் காக்கும்.

பழைய வழக்குகளைப் பற்றியும் கேட்பீர்கள். 333-ஆம் மசோதா மாற்றிய வரையறைகள், 2022 ஜனவரி 1 அன்று மேல்முறையீடு முடிந்து இறுதியாகாமல் இருந்த எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் என்று டிரான் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலைக்கான சிறப்புச் சூழ்நிலைக்கும் புதிய வரையறையே பொருந்தும் என்று 2023-ல் ரோஹாஸ் தீர்ப்பு சொன்னது. இரண்டாகப் பிரித்து விசாரிக்கும் 1109 மட்டும் பின்னோக்கிப் பொருந்தாது, 2024-ல் பர்கோஸ் தீர்ப்பு அதை முடித்துவைத்தது. மேல்முறையீட்டில் கூடுதல் தண்டனை நீங்கினால், புதிய சட்டப்படி அதை மறுபடி நிரூபிக்க அரசுத் தரப்புக்குப் பொதுவாக வாய்ப்பு கிடைக்கும். அப்போது பழைய முன்குற்றங்களின் கோப்பு, பணம் எங்கே போனது, யார் ஏவியது என்று நேரில் சொல்லக்கூடிய ஆட்கள் எல்லாரையும் அவர்கள் தேடிப் பிடிக்க வேண்டும். அது முடியாது என்று கருதும் வழக்கில் அரசுத் தரப்பு கூடுதலைக் கைவிட்டு, மீதிக் குற்றத்துக்கு மட்டும் தண்டனையை மறுபடி நிர்ணயிக்கச் சம்மதிக்கலாம். உங்கள் வழக்கறிஞர் அந்தக் கோப்பை முதலிலேயே வாங்கிப் படித்திருந்தால், அந்தப் பேச்சு வார்த்தையில் அவர் கை ஓங்கியிருக்கும்.